ஊர் விழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்: ஓர் இரவைத் திரைப்படத்துக்குக் கொடுங்கள்

குமரி மாவட்டத்தின் கோயில் கொடைக் குழுக்கள், பங்குத் திருவிழாக் குழுக்கள், ஊர் வாசகசாலைகள், இளைஞர் மன்றங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரி பிரித்து, ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கி, பந்தல்கால் நடுவதிலிருந்து சமபந்தி விருந்து வரை எல்லாவற்றையும் தலைமேல் போட்டுக்கொண்டு விழா நடத்துகிறவர்கள் நீங்கள். கலை நிகழ்ச்சிகளுக்கென்று நீங்கள் ஒதுக்கும் இரவுகளில் ஒன்றைத் திரைப்படத்துக்குக் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். வில்லிசையைக் குறைக்கச் சொல்லவில்லை. சிங்காரி மேளத்தை நிறுத்தச் சொல்லவில்லை. மேடையில் பாட்டு நடந்துகொண்டிருக்க, நாற்காலியில் உட்கார்ந்து பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னிசைக் கச்சேரி இரவு ஒன்று ஒவ்வொரு விழாவிலும் இருக்கிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

படம் போடுவது என்றால் எந்தப் படம் என்ற பேச்சு உடனே எழும். "நல்ல படமெல்லாம் மைதானத்தில் எடுபடாது, ஜனங்களுக்குப் பிடித்த மாதிரி ஏதாவது போடுவோம்" என்று குழுவில் ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இந்த எண்ணத்தோடுதான் எனக்கு வழக்கு. மைதானத்தில் படம் பார்க்கிறவர்கள் படத்தோடு பேசுகிறவர்கள். கெட்டவன் வந்தால் திட்டுவார்கள், ஏமாறப் போகிறவளை எச்சரிப்பார்கள், "இவன் யாருடைய மகன்" என்று பாட்டி பக்கத்தில் இருப்பவளைக் கேட்பாள். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கிற படம் எதுவானாலும் ஊரைப் பிடித்து உட்காரவைத்துவிடும். அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, பழையதும் புதியதுமாகச் சில படங்களைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள்.

முதலில் நம் ஊர்ப் பிள்ளை. ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணனுக்கு நாகர்கோவிலில் சிலை வைத்திருக்கிறோம், மாநகராட்சிக் கட்டடத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறோம். அவருடைய படம் ஒன்றை முழுதாகப் பார்த்த இருபது வயதுக்காரர் உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். 'நல்லதம்பி'யைப் (1949) போடுங்கள். சி.என். அண்ணாதுரை எழுதியது, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கியது. மதுவிலக்குப் பிரச்சாரம் தூக்கலாகி இடையிடையே கதை நின்றுவிடுகிறது, அது உண்மை. ஆனால் கிந்தனார் காலட்சேபம் ஒன்றுக்காகவே முழுப் படத்தையும் பார்க்கலாம். நந்தனார் சரித்திரத்தைக் கேட்டுப் பழகிய சபைக்கு, அதே பாகவதர் தோரணையில், சிதம்பரத்துக்கு ஏங்கும் பக்தனின் இடத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஏங்கும் ஒரு சேரிப் பையனை வைத்துக் கதை சொல்கிறார். ஒரு வரியை நீட்டி இழுத்து நிறுத்துவார். சபை காத்திருக்கும். அடுத்த சொல்லில் போட்டு உடைப்பார். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரியைச் சொல்லிவிட்டு, குடம் அடிப்பவரின் 'ஆமா'வுக்குக் காத்திருக்கும் அந்த ஒரு கணத்தை அறிந்தவர்களுக்கு இந்த நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவரையும் நோகடிக்காத சிரிப்பு என்று இவரைப் பற்றிச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நோக வேண்டியவர்களை நன்றாகவே நோகவைத்தார், அவர்களையும் சேர்த்துச் சிரிக்கவைத்துக்கொண்டு.

பாட்டே இல்லாத படம் ஓடுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954). முதல் காட்சியிலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். பிறகு யார் சுட்டது என்று கூட்டம் தானாகத் துப்பறியத் தொடங்கிவிடும். பாட்டைக் கேட்க ஒருவருக்கும் நேரம் இருக்காது.

அகஸ்தீஸ்வரம் பக்கத்து ஊர்க்காரர்கள் 'செல்லுலாய்டு' (2013) போட வேண்டும். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமார'னை எடுத்த ஜே.சி. டேனியல் தம் கடைசிக் காலத்தை அகஸ்தீஸ்வரத்தில் கழித்து, 1975-இல் அங்கேயே இறந்தார். கேரள அரசு அவர் பெயரில் ஆண்டுதோறும் விருது வழங்குகிறது. நம் பக்கத்தில் அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. மலையாள இயக்குநர் கமல் எடுத்த இந்தப் படத்தில் டேனியலாக பிருத்விராஜ் நன்றாகவே நடித்திருக்கிறார், முதுமையில் கொஞ்சம் கூடுதலாகவே உருகுகிறார். என் மனத்தை விட்டுப் போகாதவர் 'விகதகுமார'னின் நாயகி பி.கே. ரோசியாக நடித்த பெண்தான். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ரோசி, திரையில் நாயர் பெண்ணாக நடித்தார் என்பதற்காகத் துரத்தப்பட்டார். படப்பிடிப்பில் நல்ல புடவையும் நகையும் போட்டுவிடும்போது, அவற்றைத் தொட்டுக்கொள்ளத் தனக்கு அனுமதி உண்டா என்று தயங்கும் முகம் ஒன்று வருகிறது. அந்த முகத்தைப் படம் பாதியிலேயே விட்டுவிட்டு டேனியலின் வறுமையைப் பின்தொடர்ந்து போய்விடுகிறது. இது படத்தின் பெரிய குறை என்றே நினைக்கிறேன். இருந்தாலும் போடுங்கள். விட்ட கதையை ஊர் பேசிக்கொள்ளும்.

கடற்கரை ஊர்களுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'செம்மீன்' (1965) தகழியின் நாவலை ராமு காரியாட் எடுத்தது. தென்னிந்தியாவுக்கு முதன்முதலாக ஜனாதிபதியின் தங்கப் பதக்கத்தைக் கொண்டுவந்த படம். மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவும் சலில் சௌதரியின் இசையும் இன்றைக்கும் பழசாகவில்லை. மன்னா டே பாடிய 'மானச மைனே' ஒலித்தால் குளச்சலிலிருந்து நீரோடி வரை பெரியவர்கள் கூடவே முணுமுணுப்பார்கள். அழகில் இதற்கு ஈடான கடற்புரப் படம் அதற்குப் பிறகு வரவில்லை என்று துணிந்து சொல்வேன். அதன் நடு நம்பிக்கையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கடலுக்குப் போனவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் கற்பில் இருக்கிறது, அவள் பிசகினால் கடலம்மா அவனைக் கொண்டுபோய்விடுவாள் என்கிற நம்பிக்கை அது. கருத்தம்மா அந்த இரவில் பழைய காதலன் பரீக்குட்டியைச் சந்திக்கிறாள். அவள் கணவன் பழனி சுறாவின் பின்னே சுழலுக்குள் போகிறான். ஒன்றுக்கு மற்றொன்று தண்டனை என்று படம் கோர்த்துவிடுகிறது.

2017 நவம்பர் 30-க்குப் பிறகு இந்தப் படத்தைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது. ஓகிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று எத்தனை வீடுகளில் ஆள் திரும்பவில்லை. நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர வழியில்லாமல் இருந்தது. அவர்களைக் கொண்டுபோனது காற்றும், போய்ச் சேராத செய்தியும். கரையில் காத்திருந்த பெண்கள் ஒருத்தியும் எந்தப் பிழையும் செய்யவில்லை. ஆகவே 'செம்மீனை'ப் போடுங்கள், போட்டுவிட்டு மைக்கை அந்தப் பெண்களிடம் கொடுங்கள். ஐம்பது அறுபது வயதுத் தாய்மார்கள் கடலம்மாவைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று இளம் பிள்ளைகள் கேட்கட்டும். எந்த விமர்சகரும் எழுதியிராத விமர்சனம் அன்றைக்குக் கிடைக்கும்.

முட்டத்துக்காரர்கள் 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) இரண்டையும் உரிமையோடு கேட்பார்கள். பாரதிராஜா இரண்டையும் அங்கேதான் எடுத்தார். பாறைகளையும் தேவாலயத்தையும் மாலை வெளிச்சத்தையும் இவ்வளவு ஆசையோடு இன்னொருவர் படம்பிடித்ததில்லை. ஆனால் இவற்றில் வருகிறவர்கள் முட்டத்தில் குடியிருக்கிறவர்களாக எனக்குத் தோன்றியதே இல்லை. வலை இழுக்கிற கை இல்லை, மீன் ஏலம் இல்லை, நம் கடற்கரைப் பேச்சு இல்லை. முதலாவது படத்தின் முடிவில் பையன் பூணூலையும் பெண் சிலுவையையும் கழற்றி எறிந்துவிட்டு நடப்பார்கள். தமிழ்நாடே கைதட்டியது. மறு ஆண்டு மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் என்ன நடந்தது என்று நம் மாவட்டத்துக்குத் தெரியும். அந்தக் காயத்தை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயில் குழுவும் பங்குக் குழுவும் சேர்ந்து, பொதுவான ஓர் இடத்தில், விழாக் காலம் இல்லாத நாளில் இந்தப் படத்தைப் போட முடிந்தால், இளையராஜாவின் பாட்டுகளுக்காக வருகிறவர்கள் வேறு பேச்சும் பேசிவிட்டுப் போவார்கள்.

தக்கலைக்காரனாக ஒன்று சொல்லியாக வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை நம் கல்குளம் தாலுகாவில் இருக்கிறது, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 'மணிச்சித்திரத்தாழ்' (1993) படத்தின் மாளிகைக் காட்சிகளில் பல அங்கே எடுக்கப்பட்டவை. 'சந்திரமுகி' (2005) எல்லோருக்கும் மனப்பாடம். மூலத்தை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். மோகன்லால் வருவதற்கே வெகுநேரம் ஆகும். அதுவரை அந்த வீட்டில் இருக்கிறவர்களின் பயமும் பொறாமையும் கேலியும்தான் படம். மனநோய் வந்த பெண்ணிடம் படம் காட்டும் மரியாதை தமிழில் கரைந்துபோய், அந்த இடத்தை நாயகனின் பெருமை பிடித்துக்கொண்டது. ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது, கிடைத்தே ஆக வேண்டிய நடிப்பு. படத்தில் வரும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழில் பேசுகிறாள். மொழி புரியாது என்ற சாக்குக்கு இங்கே இடமில்லை, அதுவும் நம் மாவட்டத்தில்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் தவறாமல் காட்ட வேண்டிய படம் 'ஒழிமுறி' (2012). நம் ஜெயமோகன் எழுதி, மதுபால் மலையாளத்தில் இயக்கியது. பழைய தென்திருவிதாங்கூரின் மருமக்கள் தாயக் குடும்பங்களில், சொத்தும் அதிகாரமும் தாய்வழியிலிருந்து தந்தைவழிக்குக் கைமாறிய காலத்தில் வீட்டுக்குள் என்ன நொறுங்கியது என்பதே கதை. 55 வயதான மீனாட்சிப் பிள்ளை, வாழ்நாள் முழுதும் அடித்த கணவனிடமிருந்து விவாகரத்துக் கேட்டு நீதிமன்றம் போகிறாள். இந்த வயதில் எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். லால் நடித்த தாணுப் பிள்ளை அடிக்கிறவர், கத்துகிறவர். ஆனால் படம் போகப் போக, தாயின் அதிகாரத்தைப் பார்த்து மிரண்டு வளர்ந்த பையன் ஒருவன் அவருக்குள் இருப்பது தெரிகிறது. அவரை மன்னிக்கச் சொல்லாமலே புரிந்துகொள்ளச் சொல்கிறது படம். தாணுவின் தாயாக வரும் சுவேதா மேனனின் காளிப் பிள்ளை தமிழிலோ மலையாளத்திலோ இதற்குமுன் வராத ஒரு பெண். பேச்சு தமிழும் மலையாளமும் முறுக்கிக்கொண்ட நம் பழைய பேச்சு. பாட்டிமாருக்கு ஒரு வசனமும் தப்பாது. இவ்வளவு நம்முடைய படம் தமிழில் வராமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

'உதிரிப்பூக்கள்' (1979) பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். கடைசியில் ஊரே கூடி ஒரு கெட்டவனை ஆற்றுக்குள் இறங்கிச் சாகச் சொல்கிறது. அந்தக் காட்சியை வீட்டில் தனியாகப் பார்ப்பது வேறு, ஊரே உட்கார்ந்து பார்ப்பது வேறு. அப்போது மைதானம் என்ன செய்கிறது என்று திரையை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பாருங்கள்.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) என் பட்டியலில் முதல் மூன்றுக்குள் வரும். வளைகுடாவில் உழைத்து அனுப்பிய பணத்தில் அஸ்திவாரம் போட்டு, லிண்டல் மட்டத்தில் நின்றுபோன வீடுகள் இல்லாத ஊர் நம்மிடம் இல்லை. சென்னையில் ஒரு நடுத்தர வர்க்கத்துப் பெண் வீடு கட்டுகிறாள், அவ்வளவுதான் கதை. கடன், பிளான் அனுமதி, சிமெண்டைத் திருடி விற்கும் ஒப்பந்தக்காரர், அதைக் காட்டிக்கொடுக்கும் சித்தாள் என்று ஒவ்வொன்றும் நமக்குத் தெரிந்ததே. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் ஒரு நாள், கட்டி முடியாத அந்த வீட்டைப் பார்க்கத் தனியாக வருகிறார். பூசாத சுவரில் கையை வைக்கிறார். கதவில்லாத வாசலில் நுழைந்து அறை அறையாகப் போகிறார். வசனம் இல்லை. முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவுகிறது, தம் பேத்தி கட்டிய வீடு என்ற சிரிப்பு. பின்னணியில் இளையராஜா. இதைப் பார்க்கும்போது மைதானத்தில் யாரும் எழுந்து போகமாட்டார்கள், நான் பொறுப்பு.

நாதஸ்வரக்காரர்களை அழைக்கிற கோயில்கள் 'தில்லானா மோகனாம்பா'ளைக் (1968) கேட்காமலே போடலாம். வாணவேடிக்கைச் சத்தத்தில் வாசிப்பை நிறுத்திவிடும் சிக்கல் சண்முகசுந்தரத்தின் கோபத்தை, கச்சேரி நடக்கும்போது வெடி போடச் சொல்லும் விழாக் குழுக்களும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு நல்ல ஒலிபெருக்கியில் ஒருமுறையாவது கேட்க வேண்டியது.

புதிய படங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'லப்பர் பந்து' (2024) இளைஞர் மன்றங்களுக்கு. ஊர் கிரிக்கெட் அணியில் யாரைச் சேர்ப்பது என்பதைச் சாதி தீர்மானிப்பதை, விளையாட்டின் விறுவிறுப்பு குறையாமல் சொல்லியிருக்கிறார் தமிழரசன் பச்சமுத்து. 'வாழை' (2024) வாழைக்குலை சுமக்கும் சிறுவனின் கதை. குலையின் கனத்தை அறிந்தவர்கள் நிறைந்த மாவட்டம் இது. முடிவை நோக்கிப் போகையில் மாரி செல்வராஜ் நம் அழுகையை வற்புறுத்துகிறாரோ என்று தோன்றினாலும், அந்தப் பையனின் பசி பொய்யில்லை. 'ஆடுஜீவிதம்' (2024) வளைகுடா சென்று திரும்பியவர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டியது, நாவலின் தனிமை படத்தில் சற்று அலங்காரமாகிவிட்டது என்பது என் எண்ணம். 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) இலங்கையிலிருந்து இங்கே வந்து சேரும் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய இலேசான படம், இனிப்புக் கூடுதல். ஆனால் நம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே இருக்கிறவர்களை விருந்தினராக அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்துப் போட்டால் அந்த இனிப்புக்கு ஒரு பொருள் வரும். 'மெய்யழகன்' (2024) விடிய விடியப் பேசும் இருவரின் படம். நீளம் என்று குறை சொன்னார்கள். கொடை விழாவில் இரவு முழுதும் கண்விழிக்கிற நமக்கு அது ஒரு குறையா? 'கொட்டுக்காளி' (2024) எனக்கு மிகவும் பிடித்த படம், ஆனால் மைதானத்தில் வேண்டாம். பின்னணி இசையே இல்லாமல், ஆட்டோவின் இரைச்சலையும் சேவலின் மூச்சையும் நம்பி எடுத்த படத்துக்கு அமைதியான அறை வேண்டும். வாசகசாலைகள் அதைத் தனியாகப் போடலாம்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் போட முடியும் என்றால் 'நண்பகல் நேரத்து மயக்கம்' போடுங்கள். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கியது, 2023 ஜனவரியில் திரைக்கு வந்தது. வேளாங்கண்ணி போய்விட்டு ஊர் திரும்பும் மலையாளிகள் பஸ்ஸில் மதியத் தூக்கத்தில் இருக்கிறார்கள். தமிழ்ச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டே வந்த ஜேம்ஸ் திடீரென்று விழித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, வயல் வழியே நடந்து ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் போகிறார். கொடியில் கிடக்கும் லுங்கியை எடுத்துக் கட்டிக்கொள்கிறார். மாட்டுக்குத் தீவனம் வைக்கிறார். காணாமல்போன சுந்தரமாகவே ஆகிவிடுகிறார். மம்மூட்டியின் உடம்பே மாறுகிறது: தோள் இறங்குகிறது, நடை அகலமாகிறது, தமிழ் தடையில்லாமல் வருகிறது. வீட்டில் கண் தெரியாத பாட்டி ஒருத்தி தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும் படம் நெடுக எங்கிருந்தோ கேட்டுக்கொண்டே இருக்கின்றன. ஊரே திகைத்து நிற்க, அந்தப் பாட்டி மட்டும் வந்தவனைத் தன் மகனாகவே ஏற்றுக்கொண்டு சிரிக்கிறாள்.

குமரி தமிழ்நாட்டோடு இணைந்த 1956 நவம்பர் 1-க்கு முன்னும் பின்னும் என்று நம் குடும்பங்களுக்கு இரண்டு காலம் இருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் இங்கே, தங்கை களியக்காவிளைக்கு அந்தப் பக்கம். பள்ளிக்கூடத்தில் படித்த மொழி ஒன்று, பாட்டி பாடிய தாலாட்டின் மொழி இன்னொன்று. ஜேம்ஸுக்கு ஒரு மதியம் நேர்ந்தது நம்மில் பலருக்குத் தினமும் பஸ் ஏறி இறங்கும்போது நேர்கிறது. இந்தப் படத்தைச் சென்னையில் வியந்து பார்த்தார்கள், கொச்சியில் வியந்து பார்த்தார்கள். வியக்காமல், தலையை ஆட்டிக்கொண்டே பார்க்கக்கூடியவர்கள் நாம்.

நடைமுறைக்கு வருவோம். பொது இடத்தில் படம் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும், இணையத்தில் இறக்கிய பிரதியைப் போடக் கூடாது. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் படத்தின் காப்புரிமை இருக்கும். 'நல்லதம்பி', 'அந்த நாள்' போன்றவை அந்தக் காலத்தைக் கடந்துவிட்டன. பாட்டுக்கும் கதைக்கும் கணக்கு வேறு, ஆகவே பழைய படமானாலும் விசாரித்துவிட்டே செய்யுங்கள். புதிய படங்களுக்கு விநியோகஸ்தரிடம் எழுதிக் கேளுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லாத ஊர் விழா என்பதைக் கடிதத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தணிக்கைச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் இருக்கும் இரவுக்கு எது பொருந்தும் என்று முடிவெடுங்கள். செலவில் மிச்சம் பிடிப்பதாக இருந்தால் அலங்கார விளக்கில் பிடியுங்கள், ஒலிபெருக்கியில் பிடிக்காதீர்கள். கொடை நாளில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகள் படத்துக்கு உதவாது, வசனம் சிதறிவிடும். திரையைச் சுவரின் மேல் இழுத்துக் கட்டினால் கடற்காற்றில் அவ்வளவாக ஆடாது. மலையாளப் படமானால் தமிழ் எழுத்துத் துணையுரை கிடைக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் நம் பக்கத்தில் பெரிய நஷ்டமில்லை.

இன்னொன்று. விழா நோட்டீஸில் 'இரவு 9 மணிக்குத் திரைப்படம்' என்று மொட்டையாகப் போடாதீர்கள். வில்லிசைக் கலைஞரின் பெயரை எவ்வளவு பெரிய எழுத்தில் போடுவீர்களோ, அதே எழுத்தில் படத்தின் பெயர், இயக்குநர் பெயர், வெளியான ஆண்டு மூன்றையும் போடுங்கள். அச்சகத்துக்கு நோட்டீஸ் போவதற்குமுன், படம் தேர்ந்தெடுப்பதில் உதவி வேண்டுமென்று எந்தக் குழு கேட்டாலும், கூட்டத்துக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
ஒரு திரைப்பட ரசிகர்,
தக்கலை